புடலைக்குக் கட்டிய கல்

தேசப்படத்தை எப்படித் திருப்பிப் பிடித்துப் பார்த்தாலும் அகப்படாத குறுமுளை நாட்டில், ஒரு வருஷம் கத்தரிக்காய் விலை கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறங்கச் சொல்லி அரசர் ஆணை போட்டுப் பார்த்தார். கத்தரிக்காய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே, "இனி அவரவர் காயை அவரவர் வீட்டிலேயே விளைவித்துக்கொள்ள வேண்டியது" என்று முரசறைந்துவிட்டு, மாமன்னர் செங்குடை வேந்தர் 'பசுமைத் தந்தை' என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, யோசனை நல்ல யோசனைதான். தெற்குத் தெரு அஞ்சுகத்துக்கு அது பல வருஷத்துப் பழக்கம். அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல் மக்கிய எரு, இரண்டு ஓட்டை வாளி, இவ்வளவுதான் அவள் மூலதனம். கொல்லையில் மிளகாயும் கத்தரியும் காய்த்தன. பந்தல் நிறையப் புடலை தொங்கியது. மிஞ்சியது அக்கம்பக்கத்து அடுப்புக்குப் போகும். தன்னிடம் விளையாததைச் சந்தையில் கீரைக்காரி காந்திமதியிடம் வாங்குவாள். அரண்மனை அங்காடியில் பளபளவென்று அடுக்கியிருந்தாலும் எட்டிப் பார்க்க மாட்டாள்.

"நம்ம காசு மண்ணுல பாடுபடுறவ கைக்குப் போவட்டும்" என்பாள். அவள் புருஷன் சடகோபன் மறுப்பேதும் சொல்ல மாட்டான். அவன் அரண்மனையில் குடை பிடிக்கும் உத்தியோகஸ்தன். யாரையும் எதற்கும் மறுத்துப் பழக்கமில்லை.

திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தோட்டத்துறை அமைச்சர் தில்லைவிடங்கர் ஒருநாள் தெற்குத் தெருவுக்கு எழுந்தருளினார். செருப்பில் மண் படாமலிருக்க முன்னால் இரண்டு பேர் பாய் விரித்துக்கொண்டே போனார்கள். அஞ்சுகத்தின் பந்தலடியில் அவர் நின்றுவிட்டார். ஒவ்வொரு புடலங்காயின் நுனியிலும் ஒரு கூழாங்கல் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மணி, காயில் கல்லைக் கட்டியிருப்பதன் நோக்கம் யாது?"

"புடலை விட்டா சுருண்டுக்கும்யா. ஒரு சின்னக் கல்லைக் கட்டி விட்டா நேரா நீளும்."

"ஆக, கல் கட்டினால் காய் வளரும்!"

"ஐயோ, அப்படி இல்லைங்க. புடலைக்கு மட்டுந்தான், அதுவும் சுருளாம இருக்கத்தான்..."

அமைச்சர் கேட்கவேண்டிய அளவுக்குக் கேட்டுவிட்டார். மீதியைக் கேட்பது அவர் துறைக்கு அப்பாற்பட்டது.

மறுவாரமே ஆணை வந்தது. நாட்டிலுள்ள எல்லாக் காய்க்கும் கல் கட்ட வேண்டும். மிளகாய்க்குக் கல் கட்டினார்கள். செடி குப்புற விழுந்தது. தக்காளிக்குக் கட்டினார்கள், கிளை முறிந்தது. முருங்கைக்குக் கட்டினார்கள். முருங்கையைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியுமே, அது காற்றடித்தாலே ஒடியும். நிபுணர் குழு கூடி ஆராய்ந்து, கல் போதிய கனமில்லாததே விளைச்சல் குறைவுக்குக் காரணம் என்று கண்டுபிடித்தது.

அத்துடன் தெருவில் பொறுக்கிய கல் செல்லாது என்றும் ஆயிற்று. அரசர் திருமுகம் பொறித்த, அம்மிக் குழவி போன்ற கல்லை அரசரின் மைத்துனர் கடையில் வாங்க வேண்டும். மைத்துனருக்கு மலையொன்று சும்மா கிடந்தது என்பது தற்செயல். பின்னாலேயே 'பொறுப்புள்ள செலவுச் சட்டம்' வந்தது. கல் வாங்குவது நாட்டுக்கான செலவு. காய் வாங்குவது நாவுக்கான செலவு. முன்னதைச் செய்த பிறகே பின்னதைச் செய்யலாம். கல் வாங்கிய பிறகு எவன் கையில் என்ன இருக்கும்? சந்தை ஈயோட்டியது. கீரைக் கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, காந்திமதி மைத்துனர் கடையிலேயே கல் துடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள்.

அஞ்சுகத்தின் மிளகாயும் கத்தரியும் மடிந்தன. புடலைப் பந்தல் ஒன்றுதான் பாக்கி. தெருவில் நாலைந்து வீட்டுக்கு அதிலிருந்துதான் கறி. அதற்கும் அரசுக் கல் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் பந்தலைப் பிரித்துவிடுவோம் என்று சேவகர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டினால் காம்பு அறும். கட்டாவிட்டால் பந்தலே போகும்.

"ஊரோட ஒத்துப் போயிடு அஞ்சுகம். எனக்கு வேலை போயிடும்" என்று சடகோபன் கெஞ்சினான்.

"ஊரே பட்டினி கெடக்குது. அதோட எப்படிங்க ஒத்துப் போறது?" என்று கேட்டுவிட்டு, இரண்டு புடலங்காயைப் பறித்துக்கொண்டு நேரே அரசவைக்குப் போனாள்.

அவையில் காய்களை அரசர் முன்னால் வைத்தாள். "மகாராஜா, காயை வளக்குறது வேரும் தண்ணியுந்தான். கல்லு ஒண்ணும் வளக்கலை. புடலை சுருண்டு மடங்கிப் போவாம நேரா நிக்கறதுக்குத்தான் ஒரு பொடிக்கல்லு. மத்த காய்க்கு அது கூட வேணாம். எங்களைப் பழையபடி விட்ருங்க, தழைச்சுக்குவோம்."

அமைச்சர்கள் அரசர் முகத்தைப் பார்த்தார்கள். அரசர் வெகு நேரம் யோசித்தார். அவர் யோசித்து யாரும் பார்த்ததில்லையாதலால் அவையே பயந்துபோயிருந்தது.

"சுருண்டு மடங்குவது நேராகும் என்றா சொன்னாய்?"

"ஆமாங்க மகாராஜா."

"இத்தனை காலம் இது எமக்குத் தெரியாமல் போயிற்றே! வரி கேட்டால் நெளிகிறார்கள், ஆணை போட்டால் வளைகிறார்கள். நம் குடிகளிடம் உள்ள கோளாறு இதுதான். தில்லைவிடங்கரே, காய்களுக்குக் கல் கட்டுவது இந்தக் கணமே ரத்து. இனி ஆளுக்கொரு கல் கழுத்தில் தொங்கட்டும். நாடு நிமிரட்டும்!"

அவை கைதட்டியது. குடையை ஒரு கையில் பிடித்திருந்த சடகோபன் தொடையில் தட்டினான். அஞ்சுகத்தின் பந்தலைக் காத்துக் கொடுத்துவிட்ட பெருமிதத்தில் அரசர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். சொன்னது அத்தனையும் நிஜம்.

செடிகள் பிழைத்தன. பந்தலும் தழைத்தது. ஆனால் கல் தொங்கும் கழுத்தோடு யாருக்கும் தலையை நிமிர்த்திப் பந்தலைப் பார்க்க முடியவில்லை. புடலை பழுத்துச் சிவந்து வெடித்துத் தானாக விழுந்தது. அஞ்சுகம் தரையில் மல்லாந்து படுத்து, காய் இருக்கும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, எழுந்து குனிந்தபடியே தொரட்டியால் துழாவிப் பறித்தாள். எல்லோரும் தரையையே பார்த்து நடப்பதைக் கண்ட அமைச்சர், மக்களுக்கு மண்ணின்மீது பற்று வளர்ந்துவிட்டதாக அவையில் அறிக்கை வாசித்தார்.

குறுமுளை நாட்டில் தேர்தலும் உண்டு. அந்த வருஷத் தேர்தலில் அரசர் கட்சி, கழுத்து அறுக்காத பட்டுநூலை வீடு தேடி வந்து தருவதாகச் சொன்னது. எதிரணி, தாங்கள் வந்தால் கல்லின் கனத்தைப் பாதியாக்குவதாகவும், பெண்களுக்கு அதை இலவசமாகவே தருவதாகவும் சத்தியம் செய்தது. நாடே இரண்டுபட்டது. வீட்டுக்கு வீடு சண்டை. வாக்குச்சாவடி வாசலில் எல்லோரும் தரையைப் பார்த்தபடி நீள வரிசையில் நின்றார்கள்.

அஞ்சுகத்துக்குப் பொறுக்கவில்லை. வாய்விட்டே கேட்டாள். "ஏங்க, கல்லே வேணாம்னு சொல்றவங்க யாரும் நிக்கலையா?"

பின்னால் நின்ற காந்திமதிதான் முதலில் பதறினாள்.

"என்னக்கா பேசுறே? கல்லு இல்லாட்டி நாமெல்லாம் சுருண்டுட மாட்டோம்?"

சுற்றி நின்றவர்கள் குனிந்த தலையை இன்னும் கொஞ்சம் ஆட்டி அதை ஆமோதித்தார்கள். முறை வந்ததும் அஞ்சுகம் உள்ளே போய், பாதிக் கல்லுக்கு வாக்குப் போட்டுவிட்டு வந்தாள்.