சுரங்க வாயில் ஓர் அவுலியா

ஹம்மு மறுபடியும் கற்குவியலைக் கலைத்தான். நேற்று கலைத்தது இன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. உச்சியில் பச்சைத் துணி வேறு.

தவறு அவனுடையதுதான். அட்லஸ் மலையில், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஈயச் சுரங்கத்தைத் தாண்டி நடைபயணிகளை அழைத்துப்போவது அவன் தொழில். பாதை பிரியும் இடத்தில், அந்தப் பக்கம் சுரங்கப் பள்ளம் என்பதற்கு அடையாளமாகக் கல் அடுக்கினான். நகரத்தில் வழிகாட்டிப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. ஆனால் ஊரில் கற்குவியலுக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ ஓர் அவுலியா, இறைநேசர், அங்கே தங்கியிருக்கிறார். கடந்து போகிறவர்கள் ஒரு கல் போட வேண்டும்.

ஊர்ப் பெண்கள் போட்டார்கள். பிள்ளைகளோடு கூட்டமாக வந்து போட்டார்கள். ஒருத்தி பள்ளத்தில் விழுந்தால் போதும், அதிகாரிகள் பாதையை மூடிவிடுவார்கள். அவன் பிழைப்பும் மூடிவிடும்.

முதலில் எச்சரித்தான். பள்ளத்தை வைத்துக்கொண்டு இதுவரை யாரையும் விழவிடவில்லை என்றால் பெரிய அவுலியாதான் என்றார்கள். மறுநாள் மெழுகுவத்திகள் வந்தன.

அடுத்து, தூரத்தில் பழைய கல்குவாரியில் இன்னொரு குவியல் அடுக்கி, அவுலியா இடம் மாறிவிட்டார் என்று செய்தி பரப்பினான். குவாரியில் இருப்பவர் தம்பி என்று முடிவாயிற்று. அண்ணனுக்கு வியாழன், தம்பிக்குத் திங்கள்.

கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்று, இரண்டையும் அடுக்கியவன் நான்தான் என்றான்.  பிறகு தூதா என்ற பெண் கைக்குழந்தையை நீட்டினாள்.

"அப்போ நீயே ஓதி ஊதிவிடு தம்பி. ராத்திரி தூங்கவே மாட்டேங்குது."

மறுக்க முடியாமல் ஊதினான். குழந்தை கொட்டாவி விட்டது. அவனுக்கு முன்னால் வரிசை நின்றது.

அடுத்த வியாழன் ரொட்டி, தேநீர்க் கெண்டி, மேளம் எல்லாமே மலையேறின. சிரிப்புச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. ஹம்மு தலையில் கைவைத்து உட்கார்ந்தான். ரொட்டிக் கடைக்காரர் மனைவி இத்தோ அவனுக்கு ஒரு கிளாஸ் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"இத்தோ அக்கா, உள்ள யாராவது விழுந்தா நான் தொலைஞ்சேன். சத்தியமா அங்க அவுலியா இல்ல. எப்படிச் சொன்னா நம்புவீங்க?"

இத்தோ சுற்றும்முற்றும் பார்த்தாள். அவனைத் தவிர ஆண்கள் யாரும் இல்லை.

"பள்ளம் இருக்குன்னும் தெரியும், அவுலியா இல்லேன்னும் தெரியும் தம்பி. சும்மா மலையேறிக் காத்து வாங்கிட்டு வரேன்னா எந்தப் புருஷன் விடுவான்?"