ஏறுகிற தங்கமும் உளுத்த படியும்

வாசல் படிக்கட்டின் இரண்டாவது பலகை உளுத்துப்போய் மூன்று மாதமாகிறது. தச்சனைக் கூப்பிடலாம் என்று லொரெட்டா சொல்லும்போதெல்லாம் அவள் கணவர் டெல்மர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

"புதுப் படி போட்டா, இவனுக்கு ஏது காசுன்னு போகடெல்லோ ஊர் முழுக்க மோப்பம் பிடிக்கும். நம்மகிட்ட தங்கம் இருக்கு, மறந்துடாதே."

மறக்க விட்டால்தானே! தொலைபேசிக் கம்பெனியில் முப்பது வருஷம் கம்பம் ஏறிச் சேர்த்த ஓய்வுகாலப் பணம் மொத்தத்தையும், ஆறு வருஷத்துக்கு முன் ஒரு டிவி விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தங்கக் கணக்குக்கு மாற்றிய மகராசன் அவர். அந்தக் கணக்குத் தங்கத்தை வீட்டில் வைக்கச் சட்டம் இடம் தராது. எங்கோ கிழக்கே ஒரு பெட்டகத்தில் இருக்குமாம். இவருக்குக் காலைக் காப்பியோடு விலை பார்ப்பதே வேலையாகிப் போனது. அதுவும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. கணக்குக்காரர்கள் அனுப்பும் கடிதங்களைப் பிரிக்காமலே கொல்லைப்புறத் தகரப் பீப்பாயில் போட்டுக் கொளுத்திவிடுவார். குப்பையில் எவன் கண்ணிலாவது பட்டால் வம்பாம்.

லொரெட்டாவுக்கு அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்றே முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. கொஞ்சம் விற்றால் வேலையை விட்டுவிடலாமே என்று வருஷம் தவறாமல் கேட்பாள். ஏறுகிற நேரத்தில் எவனாவது விற்பானா என்று வருஷம் தவறாமல் அவர் சிரிப்பார்.

கடைசியில் படிக்கு அவரே ஒரு பழைய பலகையை ஒட்டுப்போட்டார். அதில் காலை வைத்த பாதிரியார் முழங்கால்வரை உள்ளே போனார். ஒரு படியைச் சரிசெய்யக்கூட வழியில்லையா என்று அந்த நல்ல மனிதர் உருக, சந்தேகம் வரக்கூடாதே என்று டெல்மர் பஞ்சப்பாட்டு பாடித் தீர்த்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இவர்கள் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை. திங்கட்கிழமை வாசலில் பீன்ஸ் டின்னும் மக்ரோனியும் நிறைந்த பெட்டி. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் லொரெட்டாவோடு சமையலறையில் வேலைபார்க்கும் பெண்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மானம் போச்சு, டெல்மர்."

"போனாப் போகுது. தங்கம் இருக்குல்ல?"

வீட்டுக்கு ஆள் நடமாட்டம் அதிகமாகிவிட்டதென்று காவலுக்கு ஒரு நாயைப் பிடித்துவந்தார். அது முதல் நாளே, அடுத்த பெட்டியோடு வந்த பாதிரியாரின் மனைவியைக் கடித்தது. விலக்கிவிட ஓடிய லொரெட்டா அந்தப் படியிலேயே விழுந்தாள். தேய்ந்த முட்டி ஒரேயடியாகப் போனது. இனி நின்று செய்கிற வேலை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடமும் அவளை அனுப்பிவிட்டது.

காலை நாற்காலியில் நீட்டிப் போட்டுக்கொண்டு அவள் நிதானமாகக் கேட்டாள்.

"உன் தங்கம் ஏற ஏற நான் தேஞ்சுக்கிட்டே வந்தேன். இன்னிக்கு விக்கிறியா, இல்ல நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடட்டுமா?"

டெல்மர் முதல் தடவையாகப் பயந்துபோனார். போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கணக்குக்காரர்களைக் கூப்பிட்டார். பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒப்பித்துவிட்டு, கொஞ்சமாக விற்றால் போதும், எப்படியும் மூன்று மடங்கு ஆகியிருக்குமே என்று தோரணையாகச் சொன்னார். அதைக் கேட்டு லொரெட்டாவுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. மாற்று முட்டி வைத்துக்கொள்ளலாம், இனி யாருக்கும் சமைக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். பாவி மனுஷன் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மறுமுனையில் ஒரு பெண் வெகுநேரம் எதையோ தட்டித் தேடினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், உங்க கணக்குல தங்கமே இல்லீங்களே. கணக்கு திறக்கிற தாள்ல கையெழுத்துப் போட்டீங்க, தங்கம் வாங்கச் சொல்லி அனுப்ப வேண்டிய தாளை இன்னிவரைக்கும் அனுப்பவே இல்ல. நீங்க போட்ட பணம் அப்படியே பணமாத்தான் கிடக்கு, வருஷாவருஷம் நாங்க எடுத்த கட்டணம் போக."