லேபிளில் ஒரு காலி இடம்

பாக்கர் பாய் சோப்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார்.

"எல்லாம் சரி தங்கச்சி. இந்த ஆர்கானிக்குக்கு சர்டிபிகேட் எங்க?"

பூமயில் எட்டிப் பார்த்தாள். 'பூமயில் கற்றாழைச் சோப்பு' என்ற எழுத்துக்கு மேலே, மயில் படத்தின் கழுத்தை ஒட்டி, வில் மாதிரி வளைந்து அந்தச் சொல் இருந்தது. இரண்டு வருடமாகவே இருந்தது. அதை அவள் மயிலோடு சேர்ந்த அலங்காரம் என்றே நினைத்திருந்தாள்.

"அதுக்குன்னு தனியா சர்டிபிகேட் வேணுமா பாய்?"

"நல்லாக் கேட்ட. அது இல்லாம இந்த எழுத்தோட துபாய்ல என் கடையில ஒரு டப்பா வச்சேன்னா, அன்னைக்கே கடைய மூடிட்டு நான் கீழக்கரைக்குக் கப்பலேற வேண்டியதுதான்."

பாக்கர் விடுமுறைக்கு வந்திருந்தார். வீட்டில் பெண்கள் இந்தச் சோப்புக்காகச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, விலாசம் விசாரித்து உச்சிப்புளிக்கே வந்துவிட்டார். மாதம் இரண்டாயிரம் சோப்பு எடுப்பதாகச் சொன்னார். பூமயிலின் கொல்லைக் கொட்டகையில் நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். மாதத்தில் பாதி நாள் சோப்பு. மீதி நாள் இறால் கம்பெனியில் தலை கிள்ளப் போவார்கள். இந்த ஆர்டர் கிடைத்தால் ஒருத்தியும் இறால் நாற்றத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

மறுநாள் பூமயில் இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறி, லேபிள் அடித்துக் கொடுத்த கூத்தையாவின் அச்சகத்துக்குப் போனாள்.

"இந்த ஆர்கானிக்க எடுத்துருங்கண்ணே."

"ஏன்த்தா, எழுத்துப் பிழையா?"

"நான் போடச் சொல்லவே இல்லையே."

"மயிலு கழுத்துக்கு மேல எடம் காலியா கெடந்துச்சு. 'புதியது'ன்னு போட்டா அடுத்த வருசம் பழசாயிரும். இதுன்னா எப்பயும் கெட்டுப்போகாது பாரு."

எடுத்துவிடுகிறேன் என்று கூத்தையா ஒப்புக்கொண்டதும், பூமயில் சந்தோஷமாக பாக்கருக்கு போன் போட்டாள். பிரச்சினை தீர்ந்தது, எழுத்து போய்விட்டது என்றாள்.

"எழுத்து போச்சுன்னா ஆர்டரும் போச்சு தங்கச்சி. அங்கன சோப்புக்கா பஞ்சம்? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சனம் வாங்குது."

ஆகவே எழுத்து இருந்தது. சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் போனது. கோயம்புத்தூரில் ஒரு சான்று நிறுவனம் அடுத்த வாரம் ஆள் அனுப்புவதாகச் சொல்லி, விதிமுறைகளைத் தமிழில் அனுப்பி வைத்தது.

மத்தியானம் குருநாதனுக்குச் சோறு போட்டுவிட்டு, பூமயில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள்.

"சாயம் சேக்கக் கூடாதாம். பச்சைப் பொடிய நிப்பாட்டியாச்சு. வாசனைக்கு செண்டு கூடாதாம். நம்ம எலுமிச்சம்புல்லுதானே போடுறோம். கத்தாழை வெளையிற நெலத்துல மூணு வருசமா ரசாயன உரமோ பூச்சிமருந்தோ படக் கூடாதாம். இது ஒண்ணுதான் நமக்கு ரொம்ப லேசு. நம்ம கத்தாழை தானா வளருது."

ரசச் சோற்றில் குருநாதனின் கை நின்றது.

"ஏங்க?"

"ஒண்ணுமில்ல. காரம்."

"இன்னைக்கு நான் மொளகே போடலையே."

குருநாதன் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சொல்லாமல் இருக்க மட்டும் தெரிந்தவர்.

"முன்ன ஒருக்க மாவுப்பூச்சி வந்துச்சுல்ல?"

"மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டேன், போயிருச்சு."

"அதுக்கு மறுநாளு நான் மருந்தடிச்சேன்."

பூமயில் காகிதத்தைக் கீழே வைத்தாள். "அந்த ஒருக்கதானா?"

குருநாதன் சோற்றைப் பார்த்தே சொன்னார். "நீ நேந்துக்கிட்டப்பல்லாம்."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"நீ அம்புட்டுச் சந்தோசமா பொங்கல் வச்சிட்டு வந்த. எப்படிச் சொல்றது?"

மூன்று வருடமாக வந்தவர்களிடமெல்லாம் மாரியாத்தாளின் மகிமையைச் சொல்லிச் சொல்லிச் சோப்பு விற்றதை நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் ஆள் வருவதற்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த மருந்து இலையில் எத்தனை நாள் நிற்கும் என்று கடையில் கேட்டுவரச் சொல்லி அவரை விரட்டினாள்.

உச்சிப்புளி பஸ் நிறுத்தத்தில் மலையாண்டி உரக்கடை வைத்திருந்தார். போன குருநாதன், போனபோது இருந்ததைவிட வாடிப்போய்த் திரும்பி வந்தார்.

"ஒருக்க அடிச்சா ஆறு மாசத்துக்கு எலைய விட்டுப் போகாதாம். மழையில நனைஞ்சாலும் போகாதாம். நம்ம சரக்காச்சேண்ணேங்கிறான்."

"எதுக்குன்னு கேட்டானா?"

"கேட்டான். கோயம்புத்தூர்லருந்து சோதனைக்கு வாராகன்னு சொன்னேன்."

"அதையும் சொல்லியாச்சா?"

"கேட்டானே."

பூமயில் அதற்குமேல் அவரிடம் யோசனை கேட்கவில்லை. நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கினாள். ஆளுக்கு ஒரு வாளி. தண்ணீரில் அவளுடைய சோப்பையே கரைத்து, கற்றாழை மடல் ஒவ்வொன்றையும் பழந்துணியால் தேய்த்துத் துடைத்தார்கள். மடலோரத்து முள் கீறி எல்லாருக்கும் கை எரிந்தது. ரோட்டில் போன உலகம்மாள் சைக்கிளை நிறுத்தினாள்.

"என்ன பூமயிலு, கத்தாழைக்கு மஞ்சநீராட்டா?"

"ஆமா மதினி. பந்தி நாளைக்கு" என்றாள் பூமயில், நிமிராமல்.

குருநாதன் தம் பங்குக்கு மருந்து தெளிக்கும் டேங்கைச் சாக்கில் சுற்றி மச்சினன் வீட்டுக்கு அனுப்பினார். காலிப் பாட்டில்களை எங்கே ஒழிப்பது என்று யோசித்து, மண் இளகிய இடமாகப் பார்த்துப் புதைத்தார். அந்த இளகிய மண் கற்றாழை வயலின் வடமூலையில் இருந்தது. அதைப் பூமயிலிடம் சொல்லவில்லை.

சோதனைக்கு வந்தவள் மலிகா என்ற இளம்பெண். அதட்டவில்லை, சிரித்துப் பேசினாள். பூமயிலுக்கு அதுதான் பயமாக இருந்தது. கொட்டகையில் எண்ணெய் டின்னைத் திறந்து பார்த்தாள், எலுமிச்சம்புல்லைக் கிள்ளி மோந்தாள், ஒவ்வொன்றும் எங்கே வாங்கியது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பூமயிலிடம் பதில் இருந்தது. அப்புறம் வயல்.

மலிகா குனிந்து ஒரு செடியின் அடிமடலை விரித்தாள். "இதென்னங்க, நுரை மாதிரி?"

"பனி மேடம்" என்றார் குருநாதன்.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மலிகா ஒரு முறை சூரியனைப் பார்த்தாள், ஒரு முறை அவரைப் பார்த்தாள். மண்வெட்டியைக் கேட்டாள். மண்ணும் எடுக்க வேண்டுமாம்.

"இங்கன எடுங்க மேடம், நல்ல மண்ணு" என்று குருநாதன் தென்பக்கம் ஓடினார். "அங்கன வேணாம். வடமூலையில பாம்பு இருக்கு."

"சொந்தக்காரங்க வேண்டாம்னு சொல்ற எடத்துலதான் எடுக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றபடி மலிகா நேரே வடமூலைக்கு நடந்தாள்.

மண்வெட்டி இரண்டாவது கொத்தில் 'டங்' என்றது. பூமயில் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலிகா பாட்டிலை எடுத்து மண்ணைத் துடைத்தாள்.

"பழைய சொந்தக்காரரு போட்டது மேடம்" என்றார் குருநாதன். "நாங்க இத வாங்கி பதினஞ்சு வருசம் ஆச்சு."

"தயாரிப்பு இந்த வருசம்னு போட்டிருக்கே."

குருநாதன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப காத்துல வந்திருக்கும்."

"ஒரு சாண் ஆழத்துக்கா?"

மலிகா நாலைந்து மடல்களை அறுத்துப் பையில் போட்டு முத்திரை வைத்தாள். "நான் எதுவும் சொல்லலை. லேப்ல இலையே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு பூமயில் புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், சொல் மட்டும் இல்லை. அவளுக்குப் பாட்டில்கூடப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றோமே என்பதுதான் உறுத்தியது. கொட்டகையில் வேலை பார்க்கும் கருத்தம்மாள் தயங்கித் தயங்கி, "இறால் கம்பெனியில சொல்லி வச்சிரவாக்கா?" என்று கேட்டபோது பூமயில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து போன் வந்ததும் மலிகாவைப் பேசவே விடவில்லை.

"மேடம், மொதல்ல நான் சொல்லிருறேன். நாங்க மூணு வருசமா மருந்தடிச்சிருக்கோம். அந்தப் பாட்டிலு எங்களதுதான். எலையச் சோப்புப் போட்டுக் கழுவுனதும் நாந்தான்."

குருநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ரிப்போர்ட் என் கையில இருக்குங்க. அத்தனை மருந்துக்கும் பாத்திருக்காங்க. உங்க இலையில எதுவுமே இல்லை. மண்ணுலயும் இல்லை."

"இல்ல மேடம், நெசமா அடிச்சோம்."

"கழுவினாப் போற சமாசாரம் இல்லைங்க அது. அடிச்சிருந்தா இலைக்குள்ள தெரிஞ்சிருக்கும். அடிச்சிட்டு அடிக்கலைன்னு சத்தியம் பண்றவங்களை நிறையப் பாத்திருக்கேன். அடிக்காமலே அடிச்சேன்னு அடம் பிடிக்கிற மொத ஆளு நீங்கதான். சர்டிபிகேட் தபால்ல வரும்."

பூமயில் போனை வைத்தாள். பிறகு, பல நாளைக்கப்புறம், புருஷனிடம் பேசினாள்.

"எதுவுமே இல்லையாம்."

"ஆத்தா காப்பாத்திட்டா" என்றார் குருநாதன். இந்த முறை அவரே போய் நேர்ந்துகொண்டு வந்தார்.

சர்டிபிகேட் வந்தது. கூத்தையா புது லேபிளில் ஆர்கானிக்கை இன்னும் பெரிதாக்கி, மயிலைச் சின்னதாக்கினார். முதல் இரண்டாயிரம் சோப்பை பாக்கர் அனுப்பிய வேனில் நான்கு பெண்களும் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மலையாண்டி மொபெட்டில் வந்து இறங்கினார்.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் வெளியே இந்தக் கதை தெரிந்த ஆள், பூமயில் சொல்லியும் நம்பாத மலிகாவை விட்டால், இவர் ஒருவர்தான். வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். குருநாதன் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பூமயில் ஒரு டஜன் சோப்பைப் பையில் போட்டு நீட்டினாள்.

மலையாண்டி உட்காரவில்லை. சோப்பையும் வாங்கவில்லை. வேனில் இருந்தவர்களுக்குக் கேட்காமல் கிட்டே வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"மதினி, சர்டிபிகேட்ட சட்டம் போட்டு மாட்டிக்கங்க, ஆனா அந்த லேப் ரிப்போட்ட மட்டும் ஒரு ஆளுகிட்டயும் காட்டிராதீக. அண்ணனுக்கு மருந்துப் பாட்டில்ல ஊத்திக் குடுத்த அதே சீயக்காத் தண்ணியத்தான் பாதி ஊருக்கும் ஊத்திக் குடுத்திருக்கேன். அம்புட்டுப் பேரும் ஆர்கானிக்குன்னு தெரிஞ்சுச்சுன்னா என்னைய உசுரோட விடமாட்டாக."