பௌதிகவியலுக்கு அரைப் பேர்

உலகத்தில் உள்ள எதையும் தேயிலைக் கொழுந்துக் கிலோவாக மாற்றிச் சொல்லக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான். தலவாக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பேர் தோட்ட ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் கிலோ ஐயா.

யாராவது புது போன் வாங்கினால் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "ஆயிரத்து எரநூறு கிலோ. இத வச்சு பேசத்தான செய்வ?" என்பார். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். கிலோ ஐயா அந்த வழக்கத்தை ஊர் விவகாரம் முழுக்க நீட்டிவிட்டார். ராகலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொன்னபோது, இவர் நடுவில் புகுந்து, "அதுல ஈரம் இருக்குங்க. கழிச்சிட்டுச் சொல்லுங்க" என்றார். அவர்களும் கழித்துச் சொன்னார்கள்!

அந்த இரண்டு கிலோவுக்காக, கொழுந்து பறிக்கும் என் அம்மா அவரோடு பன்னிரண்டு வருசம் சண்டை போட்டார். மழையே இல்லாத நாளில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். "பனி பேஞ்சிச்சே" என்பார் அவர்.

இப்படி இருக்கையில் நான் உயர்தரப் பரீட்சை எழுதினேன். பௌதிகவியல் என்றால் எனக்குப் பைத்தியம். அரசாங்கக் கம்பஸில் இடம் மயிரிழையில் தப்பிப் போனது. கண்டியில் காசு கட்டிப் படிக்கும் இடமொன்றில் பட்டப்படிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். வங்கியும் கடன் தரச் சம்மதித்தது. ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். எங்களுக்குத் தெரிந்த மாதச் சம்பளக்காரர் கிலோ ஐயா மட்டும்தான்.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இழுத்துப் போனார். விசயத்தைக் கேட்டதும் கிலோ ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பட்டமா? இதுவரைக்கும் நிறுத்துப் பார்த்ததே இல்லியே!"

என் புத்தகங்களை ஒரு சாக்கில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டினார். கொழுந்தோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"மூணு கிலோ. சாக்கு, ஈரம் ரெண்டு போக, ஒரு கிலோ படிப்பு."

பிறகு தாளை எடுத்தார். கடனும் வட்டியும் பதினாறாயிரம் கிலோ என்று எழுதினார். நான் ஆசிரியை ஆனால் வரும் சம்பளத்தை எதிரே எழுதினார். பஸ் காசைக் கழித்தார், அறை வாடகையைக் கழித்தார், வேலை தேடி அலையும் காலத்தைக் கழித்தார். கை பழகிப்போன வேகத்தில் ஈரத்தையும் கழித்தார்.

"அரைப் பேர்தாம்மா" என்றார். குறித்த கிலோ பறிக்காத நாளில் பாதிச் சம்பளம்தான் விழும், அதுதான் அரைப் பேர். "பத்து வருசம் கட்டணும். இதுக்கு யாரு பிணை நிப்பா?"

எனக்கு அழுகை முட்டியது. அம்மாவுக்குக் கோபம் முட்டியது.

"ஐயா, பன்னெண்டு வருசமா என் சாக்குல வெட்டுன கிலோவ மொதல்ல கூட்டுங்க!"

போனில் நானே கூட்டினேன். நாளுக்கு இரண்டு, மாதம் இருபத்தைந்து நாள், பன்னிரண்டு வருசம். "ஏழாயிரத்து எரநூறு" என்றேன்.

"எனக்கும் அதே பன்னெண்டு வருசந்தான், சேத்துக்க பாப்பா!" என்று கத்தினார் அடுத்த லயத்து வீட்டு மேரி அக்கா. "என்னோடதையும் போடு!" என்றது பின்னால் இன்னொரு குரல். அந்த மூன்றாவது ஆளோடு கடன் வட்டியும் முதலுமாகத் தீர்ந்து மிச்சமும் வந்தது. வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். மடுவமே கூரை பறக்கக் கைதட்டியது.

கிலோ ஐயா பேனாவை மூடினார். "அது தோட்டத்துக்குப் போனதும்மா. என் வீட்டுக்கு வரல்ல" என்றார் மெல்ல. அது உண்மை. அவர் வீட்டுக் கூரையும் எங்கள் கூரை மாதிரித்தான் ஒழுகியது.

வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் கூப்பிடாமலே, கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் நின்றார்.

"ஐயா, அரைப் பேர்னு சொன்னீங்களே?" என்று வங்கியில் கேட்டேன்.

"இப்பவும் அரைப் பேர்தான். பேனாவ குடு" என்றார் எரிச்சலோடு.

கையெழுத்துக்கு மேலே, விண்ணப்பதாரர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. ரொம்ப நேரம் யோசித்து, 'சண்டைக்காரியின் மகள்' என்று எழுதினார். வங்கி அதிகாரி சிங்களத்தில் இரண்டு தரம் விளக்கம் கேட்டார். இவர் ஒரு எழுத்தையும் மாற்ற மறுத்துவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர் போட்ட கணக்கு அப்படியே பலித்தது. வேலை கிடைக்க இரண்டு வருசம் ஆனது, சம்பளத்தில் பாதி தவணைக்கே போனது. ஆனாலும் இன்று பாடசாலையில் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் வகுப்புக்குள் காலை வைக்கும்போது இன்னமும் எனக்குத் துள்ளத் தோன்றும்.

போன மாதம் கடைசித் தவணையைக் கட்டினேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். வங்கி வாசலில் நின்றபடி நான் போனில் முதலில் அழைத்தது அவரைத்தான். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.