ஃபிரிட்ஜுக்குச் சாம்பிராணி போட்ட கதை

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துகள் அன்றைக்கு எந்தப் பக்கம் சாய்ந்தனவோ, அந்தப் பக்கமே இன்னும் சாய்ந்து நிற்கின்றன. பிழைகளும் இருக்கும். கல்யாணச் சோற்றில் கல் கிடைத்தால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவீர்கள் அல்லவா, அப்படி ஒதுக்கிவிட்டுப் படியுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால் அது இன்னும் மோசம். பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து திரும்புகிற ஆள் நான்.

2008-இல் எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் தரையில் கோலத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். நெல்லிக்குப்பத்தில் ஒரு பெண்ணின் தாத்தா, “மாப்ளைக்குப் பேச்சு வருமா?” என்று தரகரிடம் ரகசியமாகக் கேட்டாராம். (ரகசியம் எனக்கே கேட்டது. அவருக்குக் காது மந்தம்.)

கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காதான் விடாமல் தேடி, சிதம்பரத்தில் செல்வி என்ற பெண்ணைக் கண்டுபிடித்தாள். அவர்களுக்கு என் போட்டோ பிடித்திருந்தது. ஆனால் தரகர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பெண்ணுக்குக் கவிச்சி ஆகாது. மீன் வாடை பட்டாலே தலைவலி வந்துவிடும். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொள்ளட்டும், வீடு நாறக்கூடாது. இன்னொன்று, முடிவு சொல்வதற்கு முன்னால் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார்கள்.

“இதுவும் போச்சுன்னா நான் இனிமே பொண்ணு தேட மாட்டேன். நீ அந்த ஐஸையே கட்டிக்கோ” என்றாள் அக்கா.

ஐஸ் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் உடைத்துப் போடுவதுதான் என் வேலை. படகுக்காரர்கள் அன்பாக மீன் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்த சங்கராவை என் பழைய ஃபிரிட்ஜில் வைத்து மறந்துவிட்டேன். அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் உள்ள மீனை எல்லாம் கெடாமல் காப்பாற்றுகிற கம்பெனியில் வேலை பார்ப்பவன் வீட்டில் மீன் கெட்டுப்போனது.

பெண் வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள்.

“ஏழுமல! ஃபிரிட்ஜாடா இது? உள்ள யார்னா செத்துக் கெடக்குறாங்களா?”

“சங்கரா, அக்கா.”

“பேரு வேற சொல்றியா! மொதல்ல எடுத்து வெளிய போடு. சோப்புத்தூள் போட்டா அந்த வாசன வேற சேந்துக்கும். எலுமிச்சம்பழம், புளி, சாம்பல், எதயாவது போட்டு நல்லாத் தேய். ராகு காலம் முடிஞ்சி ஆறு மணிக்கு மேலதான் வருவாங்க. நான் கடைத்தெருவுக்குப் போய் பூ, பலகாரம் வாங்கிட்டு, அப்படியே சின்னம்மா வீட்டுலேருந்து நாலு நாற்காலி எடுத்தாரேன்.”

மீனை அப்புறப்படுத்தினேன். பித்தளைக் குடத்தைப் புளி பளபளக்க வைக்கும் என்று தெரியும். அதனால் உள்பக்கம் முழுவதும் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். அப்படியும் வாடை போகவில்லை. ஜூஸ் கடையில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகளை ஒரு பை நிறையக் கேட்டு வாங்கிவந்து தேய்த்தேன். மீன் கழுவும்போது பெண்கள் மஞ்சளும் கல்லுப்பும் போடுவது நினைவுக்கு வர, அதையும் அள்ளிப் பூசினேன். கதவைச் சாத்தி, சற்றுக் கழித்துத் திறந்து மோந்து பார்த்தேன்.

கெட்ட மீன் வாடை போயிருந்தது. அந்த இடத்தில் சுமாராக வைத்த மீன் குழம்பு வாசனை வந்திருந்தது. (பொய் சொல்வானேன், எனக்குப் பசித்தது.) ஃபிரிட்ஜோ மஞ்சள் பூசிக்கொண்டு சடங்குக்கு உட்கார்ந்த பெண் மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்திருந்த புளித்த கழனித்தண்ணியை ஒரு வாளி கேட்டு வாங்கிவந்தேன். அதை ஊற்றிக் கழுவியதில் மஞ்சள் பாதி போனது, வாடை போகவில்லை. எலுமிச்சை மூடி, புளிச் சக்கை எல்லாவற்றையும் அந்த வாளியிலேயே போட்டு வாசலில் வைத்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் ஈர வாடை போக என்ன செய்கிறோம்? சாம்பிராணிதானே போடுகிறோம்? ஃபிரிட்ஜும் இப்போது குளித்துத்தானே நிற்கிறது?

நல்ல வேளையாகக் கரண்டும் போயிருந்தது. கொட்டாங்குச்சியைக் கொளுத்தி, நெருப்பைத் தூபக்காலில் எடுத்து, ஒரு கைப்பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். குபுகுபுவென்று புகை எழுந்தது. அப்படியே நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அரை மணி நேரம் உள்ளே ஊறினால் கோயில் மாதிரி மணக்கும் என்று கணக்குப் போட்டேன்.

கதவைச் சாத்தித் திரும்புகிறேன், வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. ஆறு மணிக்கு மேல் வர வேண்டியவர்கள், ராகு காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, பெண்ணின் அத்தை, அவர்களுக்குப் பின்னால் தரகர். அக்காவைக் காணோம். நான் லுங்கியில் நிற்கிறேன். கை இரண்டும் மஞ்சள்.

“வாங்க” என்றேன். அதோடு என் பேச்சு தீர்ந்துவிட்டது.

அத்தை வீட்டை மூக்கால் பார்த்தார். “வாசனையாத்தான் இருக்கு. சாமி கும்பிடுற வீடு, பாத்தியாண்ணே” என்றார். என் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வார்த்தையில் அது உறைந்துவிட்டது. “வெயில்ல வந்தது நாக்கு வறண்டு போச்சி. தம்பி, சில்லுன்னு தண்ணி இருந்தா குடுங்க.”

“பானை...” என்றேன்.

“அதான் ஃபிரிட்ஜ் இருக்கே!” என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். “இது எத்தன லிட்டரு மாப்ள?”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் கதவைத் திறந்தார்.

உள்ளே அடைபட்டிருந்த புகை மொத்தமும் வெள்ளையாகப் பொங்கி அவர் மேல் கவிழ்ந்தது. அதே நொடியில் கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜுக்குள் இருந்த பல்பு எரிந்தது. மஞ்சள் சுவர், புகை, நடுவில் தூபக்கால், மேலே வெளிச்சம். அத்தை எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசற்படியிலேயே நின்றிருந்த தரகர் செருப்பைக் கழற்றினார்.

இதோடு முடிந்திருந்தால் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஜன்னல் வழியாகப் புகை போவதைப் பக்கத்து வீட்டு கபீர் பாய் பார்த்துவிட்டார். “ஏழுமல வூடு பத்திக்கிச்சி!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். வாசலில் என்ன இருந்தது? வாளி இருந்தது. புகைக்கு நடுவே ஓர் உருவம் தெரிந்தது. அதைக் காப்பாற்றுவதற்காகக் கழனித்தண்ணி முழுவதையும் அதன் தலையில் ஊற்றிவிட்டார்.

புகை விலகியது. பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு எலுமிச்சை மூடி கவிழ்ந்திருந்தது. மீசையில் புளிச் சக்கை.

“யா அல்லா, யாரு இவுரு?” என்றார் பாய்.

“எம் மாமனாரு” என்றேன். பதற்றத்தில் வந்த சொல். அதற்குப் பிறகு அந்த உறவுக்கு வாய்ப்பே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாற்காலிகளோடு உள்ளே நுழைந்த அக்காவுக்கும் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

பெண்ணின் அப்பா என் வேட்டியைக் கட்டி, என் சட்டையைப் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். அவருடைய நனைந்த துணி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டு என் கையில் திணித்தாள் அக்கா. “போய்க் குடுத்துட்டு, கால்ல வுழுந்துட்டு வா. பொண்ணு கெடைக்கலன்னாலும் சாபமாவது கெடைக்காம இருக்கட்டும்.”

சிதம்பரத்தில் கதவைத் திறந்தது செல்வியேதான். நான் பையை நீட்டினேன்.

“ஃபிரிட்ஜுக்குச் சாம்பிராணி போட்டவரு நீங்கதான?”

தலையாட்டினேன்.

“ஏங்க போட்டீங்க?”

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. வாசலில் நின்றபடியே சங்கராவிலிருந்து ஆரம்பித்து, புளி, எலுமிச்சை, மஞ்சள், மீன் குழம்பு வாசனை, பசித்தது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “உங்களுக்குத் தலவலி வருமுன்னாங்க. அதான்” என்று முடித்தேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தாள். உள்ளேயிருந்து, “யாரும்மா?” என்று அப்பாவின் குரல் கேட்டது.

“சாமி வந்திருக்குப்பா!”

அவர் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா, இன்னிக்கு வரைக்கும் நான் இவரைப் பாத்துப் பேசினதுகூட இல்ல. எனக்கு ஆவாதுன்னு யாரோ சொன்னதுக்கே இந்தப் பாடு பட்டிருக்காரு. நானே நேர்ல சொன்னா என்ன பண்ணுவாருன்னு பாக்கணும்ப்பா.”

அவர் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “சரி. ஆனா அந்தப் பாய் கல்யாணத்துக்கு வந்தா பந்தலுக்கு வெளிய நிக்கட்டும்” என்றார்.

பாய் வந்தார். பந்தலுக்கு உள்ளேயே வந்தார். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். தண்ணீர் டம்ளரை மட்டும் மாமனார் எட்ட நகர்த்தி வைத்துக்கொண்டார். அந்த ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது. அதில் வைத்த தயிரைச் சாப்பிட்ட விருந்தாளிகள், “எந்தக் கோயில் பிரசாதம்?” என்று கேட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை செல்வி சோடா உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அதைத் துடைக்கிறாள். அந்த நேரத்தில் நான் சமையலறைப் பக்கம் போகக்கூடாது என்பது சட்டம்.

எங்கள் பெண்ணுக்கு இப்போது மூன்று வயது. இன்று காலை அவளுக்குத் தலைக்கு ஊற்றி, மடியில் போட்டு, செல்வி சாம்பிராணி காட்டினாள். முடிந்ததும் குழந்தை எழுந்து குடுகுடுவென்று ஓடிப்போய் ஃபிரிட்ஜ் கதவை இழுத்துத் திறந்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்து, “அடுத்து இதுக்கு” என்றாள்.

கடலூர் முதுநகர்,
2012, ஐப்பசி கடைசி ஞாயிறு.