நாற்பத்தைந்தாவது ஆமை குறித்து மைத்துனருக்கு

கொட்டச்சேடு,
ஏற்காடு வழி,
20 ஜூலை 2025, ஞாயிறு, காலை 10.40.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. லாசர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் மரியதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் இரக்கத்தால் நானும் ஜெயகுமாரியும் நலம். இன்று காலை எட்டு மணிக்கு மழை அளவியில் நான்கு மில்லிமீட்டர். தங்கள் வீட்டாரின் நலத்தையும், தங்கள் முழங்கால் வலி எந்த நிலையில் உள்ளது என்பதையும் மறுதபாலில் தெரிவிக்கவும்.

சென்ற 13ஆம் தேதி, ஞாயிறு, மாலை 4.10க்குத் தாங்கள் தொலைபேசியில் என்னைக் கேட்ட கேள்விகள் இரண்டு. தொலைபேசியில் சொன்னது பதிவில் நிற்காது என்பதால் எழுத்தில் பதிலளிக்கிறேன். நீச்சல் தெரியாத மலைப் பெண்ணைப் பிலிப்பைன்ஸ் கடலுக்குள் எப்படி அனுப்பினேன் என்பது முதல் கேள்வி. நான் அனுப்பவில்லை, தங்கள் மருமகளும் என் மகளுமான ஜோஸ்லின் தானாகவே போனாள், ஆனால் நீச்சல் தெரிந்தே போனாள். ஏற்காடு ஏரியில் படகுதான் விடலாம், ஆள் இறங்கக் கூடாது என்பதால், 2024 ஜூன் முதல் சனிக்கிழமைதோறும் சேலத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிக் காலை பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். எஸ்டேட்டில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ரைட்டராக இருந்து, ஆட்களின் வருகைப் பதிவேட்டையும் மழைப் பதிவேட்டையும் ஒரு நாள் விடாமல் எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் வீட்டு வாசலில் மழை அளவி வைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. 2025 ஜனவரியின் நான்கு சனிக்கிழமைகளிலும் மழை இல்லை என்கிறது பதிவேடு. நான்கிலும் எங்கள் கொடியில் ஒரு துண்டு ஈரமாகக் கிடந்தது. பிப்ரவரி 3, திங்கள், காலை உணவின்போது பதிவேட்டையும் துண்டையும் அவள் முன் வைத்தேன். இட்லியைக் கீழே வைத்துவிட்டு, நீச்சல் குளத்தையும், ஒரு தீவில் கடலடியில் இறங்கி ஆமைகளை எண்ணிப் பாதுகாக்கும் தொண்டுப் பணிக்கு ஐந்து மாதம் தேர்வாகியிருப்பதையும், அதற்காகப் பள்ளி ஆசிரியை வேலையில் நீண்ட விடுப்புக் கேட்டிருப்பதையும் ஒரே மூச்சில் சொன்னாள். சம்பளம் உண்டா என்றேன். இல்லை என்றாள். இவள் வருவது ஆமைகளுக்குத் தெரியுமா என்று ஜெயகுமாரி கேட்டாள்.

அதன்பின் நடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. உடல் தகுதிப் படிவத்தில், பதினெட்டு மீட்டர் ஆழத்தில் காது தாங்குமா என்று ஒரு கேள்வி இருந்தது. டாக்டர் சற்று யோசித்து, பிறந்தது முதல் இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கி அடைத்துப் பழகிய காது, தாங்கும் என்று சொல்லிக் கையெழுத்திட்டார். தண்ணீர் என்றால் குளிர் என்பதே என் அனுபவம் ஆகையால் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் நானே பெட்டியில் வைத்தேன். அங்கே வெயில் முப்பத்தொரு டிகிரியாம். குல்லாவை இப்போது அத்தீவின் படகோட்டி விரும்பி அணிகிறாராம், புகைப்படம் வந்தது. மார்ச் 24, திங்கள், அவளை வழியனுப்ப பஸ் நிறுத்தத்தில் நின்றபோது டீக்கடை வேடியப்பன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க ரைட்டரே, புள்ள மீன் புடிக்கப் போகுதுங்களா?"

"ஆமை. பிடிக்க அல்ல, எண்ண."

"எண்ணிப்போட்டு?"

"விட்டுவிடுவார்கள்."

"உடறதுக்கு எதுக்குங்க எண்ணறாங்க?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் எஸ்டேட் ஆட்களை எண்ணினேனே, மாலையில் அவர்களை என் வீட்டுக்கா கூட்டிப்போனேன் என்று கேட்டேன். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. டீயைக் கையில் கொடுத்துவிட்டார்.

இனிச் சொல்லப்போவதைத் தாங்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டும். மே 18, ஞாயிறு, தான் எழுதிய கணக்குத் தாள்களின் புகைப்படத்தை, அப்பா மகிழ்வார் என்று எண்ணி ஜோஸ்லின் அனுப்பினாள். கடலில் எவரும் தனியே இறங்குவதில்லையாம். இருவர் இருவராக இறங்கி, இருவரும் தனித்தனிப் பலகையில் பென்சிலால் குறிக்கிறார்கள். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே பாறை. இவளும் ஏழு ஆமை, துணைக்குப் போன பெண்ணும் ஏழு ஆமை. மேலே கரையில் யாரோ பதினான்கு என்று கூட்டி எழுதியிருந்தார்கள். இரண்டு மேஸ்திரிகள் ஒரே காப்பி வரிசையைப் பார்த்துவிட்டு இரண்டு வரிசை என்று சொன்ன கதை இது. அன்று இரவே எல்லாத் தாள்களையும் மறுபடி கூட்டிப் பார்த்தேன். மறுநாள், மே 19, திட்டத் தலைவியான எலீசா அம்மையாருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி, தேதிவாரியாகப் பட்டியலிட்டு, கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினேன். ஒருவர் எண்ணியதை, அதைப் பார்க்காத இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்க வேண்டுமே தவிரக் கூட்டக் கூடாது என்ற எஸ்டேட் விதியையும் விளக்கியிருந்தேன். மே 21, புதன், ஜோஸ்லின் அழைத்தாள். ஆறு வாரக் கணக்கும் திருத்தப்பட்டு 212 ஆமை 131 ஆகிவிட்டதாம்.

"அப்பா, உங்களால ஒரே நாள்ல எம்பத்தோரு ஆமை இல்லாமப் போச்சுங்க. இங்க எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க."

இல்லாத ஆமை போனால் என்ன என்றேன்.

"எஸ்டேட்ல நடந்து பாக்காத வரிசைக்கு நீங்க என்னிக்காச்சும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா? தண்ணிக்குள்ள ஒரு தடவ எறங்கிப் பாத்துப்போட்டு அப்புறமா கணக்குக் கேளுங்க."

வைத்துவிட்டாள். ஆறு நாள் பேசவில்லை. அந்த ஆறு நாளும் ஜெயகுமாரியும் அவசியத்துக்கு மேல் என்னிடம் பேசவில்லை என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மே 27, செவ்வாய், எலீசா அம்மையாரின் பதில் வந்தது. தவறு உண்மை என்றும், இனி கணக்கு எடுக்கும் முறையை வகுக்கும் பொறுப்பை ஜோஸ்லினிடம் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அவள் என்ன செய்தாள் தெரியுமா, மச்சான்? ஒவ்வோர் ஆமையின் கன்னத்திலும் உள்ள செதில்களின் அமைப்பு வேறு வேறாம், நம் கைரேகை போல. அதைப் படமெடுத்து, எண் கொடுத்து, தேதி, நேரம், ஆழம் எழுதி, ஆமைகளுக்கு ஒரு வருகைப் பதிவேடு திறந்துவிட்டாள். கட்டம் போட்ட விதம் அப்படியே நம் எஸ்டேட் பதிவேடு. நான் ஒரு நாளும் அவளை உட்காரவைத்துச் சொன்னதில்லை. வந்த ஆமையே மறுபடி மறுபடி வந்தது தெரிந்து 131 இப்போது 44 ஆனது. ரைட்டரு பாக்கப் பாக்க ஆமை கொறைஞ்சுக்கிட்டே போகுதுங்களே என்று வேடியப்பன் வருத்தப்பட்டார். குறையவில்லை, யார் யார் என்று முதல்முறையாகத் தெரிந்திருக்கிறது. எந்த ஆமை இரண்டு வாரமாக வரவில்லை என்று அத்தீவில் இன்று ஒருவரால் சொல்ல முடியும் என்றால், அது தங்கள் மருமகளால் மட்டுமே. பதினேழாம் எண் வராதபோது தேடிப்போய், பழைய வலையில் சிக்கிக் கிடந்ததை இவள்தான் அறுத்து விட்டாள். எண்ணுவது எதற்கு என்ற வேடியப்பன் கேள்விக்கு அன்றுதான் எனக்கே விடை கிடைத்தது; நேரே கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து நின்று கேட்டார்.

ஜூன் 29, ஞாயிறு, (அங்கே பூசை காலை ஆறு மணிக்கு; முடித்த பின்னரே இறங்கினாள் என்பதைக் குறித்துக்கொள்ளவும்) இதுவரை எவரும் பாராத நாற்பத்தைந்தாவது ஆமையைக் கண்டாள். வயதானது, இடது துடுப்பில் தழும்பு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாறைக்கு வந்து, சுற்றியுள்ள அனைத்தையும் ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுப் போகிறதாம். பெயர் சூட்டும் உரிமை கண்டவருக்கே. 'ரைட்டர்' என்று சூட்டியிருக்கிறாள். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வருகிறதாம். அந்த ஐந்து நிமிடம் பற்றி நான் கருத்து ஏதும் கூறவில்லை.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15, வெள்ளி, ஆத்தூர் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். சம்பளமில்லாமல் ஆமை எண்ணுகிறாள் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்டீர்கள். இதற்கிடையே ஜூலை 4, வெள்ளி, எலீசா அம்மையார் டிசம்பர் 31 வரை அவளை இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்பா சம்மதித்தால் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். போகும்போது கேட்காதவள், இப்போது கேட்டிருக்கிறாள். ஆயினும் தாய்மாமனின் சொல்லுக்கு உரிய இடத்தைக் கொடுத்து, ஏற்கனவே எடுத்த விமானச் சீட்டின்படி ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, திரும்பிவிட வேண்டும் என்று இன்று மாலை அவளுக்கு எழுத இருக்கிறேன். என் முடிவு இதுவே. ஆத்தூர் வீட்டார் தாராளமாக வரலாம்.

தங்கள் இல்லத்தின் மேல் தேவதாயின் நிழல் குறையாதிருக்கட்டும். தங்கள் முழங்கால் விரைவில் பூசையில் மண்டியிடும் பலம் பெறட்டும்.

இங்ஙனம்,
மரியதாஸ்,
எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு: 31 மே 2015)

பின்குறிப்பு: 21 ஜூலை, திங்கள், காலை 8.20. மழை இல்லை. சரிபார்க்க இன்னொருவர் இல்லாதபோது, எழுதியதை மூடிவைத்து, மறுநாள் அயலார் கடிதம்போல் படிப்பது என் வழக்கம். படித்தேன். அவள் அங்கே இருக்க வேண்டியதற்கு இக்கடிதத்தில் நான்கு பக்கம் உள்ளது. திரும்ப வேண்டியதற்கு உள்ள காரணம் ஒன்றே, அதுவும் தங்களுடையது. ஆகவே நேற்றைய கணக்கு தவறு. டிசம்பர் 31 வரை முழுச் சம்மதம் என்று 8.05க்கு அவளுக்கு எழுதிவிட்டேன். ஆகஸ்ட் 15ஐ ரத்து செய்யவும். ஆத்தூர் வீட்டாரிடம் ஆமை எண்ணுகிறாள் என்றே சொல்லவும். நாற்பத்தைந்து என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

இன்னொன்று. ஜூன் 7 முதல் சனிக்கிழமைதோறும், தங்கள் முழங்காலைப் பார்க்கச் சேலம் போகிறேன் என்று ஜெயகுமாரியிடம் சொல்லிவிட்டுப் புறப்படுகிறேன். நான் தங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பது தங்களுக்கே தெரியும். நடந்து பார்க்காத வரிசைக்கு ரைட்டர் கையெழுத்திடக் கூடாது. ஏழு வாரத்தில், குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில், பதினோரு மீட்டர் வந்திருக்கிறேன். தங்கை கேட்டால் வந்துபோனதாகச் சொல்லி உதவவும், விரைவில் கேட்பாள். நேற்று முன்தினம், 19ஆம் தேதி, சனிக்கிழமை, இரவு வரை மழை இல்லை. மாலையில் கொடியில் கிடந்த துண்டை ஜெயகுமாரி தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மழைப் பதிவேட்டை எடுத்து வந்தாள்.