ஃப்யூஸ் வளர்த்த செடி

காலை ஏழே கால் மணிக்கு, அந்த வாரத்தில் ஒன்பதாவது தடவையாக, ஃப்யூஸ் முடியாது என்று சொன்னார்.

ஃப்யூஸ் என்பது வேலையிடத்தில் அவருக்கு வைத்த பெயர். எலக்ட்ரீஷியன் என்பதற்காக மட்டும் வைத்ததல்ல. கொஞ்சம் அழுத்திப் பேசினாலே போய்விடுவார் என்பதற்காகவும் வைத்தது. முடியாது என்று சொன்னது மனைவியிடம். அவள் பெரிய மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். கை தூக்க முடியாதவர், கால் மடக்க முடியாதவர், கழுத்தைத் திருப்ப முடியாதவர் எல்லாரும் அவளிடம் கோணலாக வந்து நேராகத் திரும்பிப் போனார்கள். நேராகாத ஒரே கேஸ் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

ஃப்யூஸுக்கு வலது தோள் இறுகிவிட்டது. கை தோள் உயரத்துக்கு வரும். அதற்கு மேல் ஏறாது. தலை சீவ இடது கை, சட்டை மாட்ட மனைவி என்று காலம் ஓடியது. அதெல்லாம் போகட்டும். சீலிங் ஃபேன் மாட்டுகிறவருக்குக் கை மேலே போகாவிட்டால் பிழைப்பு எப்படிப் போகும்? புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பள்ளிக் கட்டடத்தின் கூரை வேலை முழுவதையும் காண்ட்ராக்டர் அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். பூச்சு வேலை முடிவதற்குள் கை ஏறாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும், வருத்தத்தோடுதான், சொல்லியிருந்தார்.

வைத்தியம் சுலபமானது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி மாதிரி மேல்நோக்கி நடத்த வேண்டும். நாளுக்கு நாள் உயரத்தைக் கூட்ட வேண்டும். ஃப்யூஸ் ஒரு நாள் செய்தார். வலி உயிர் போனது. எதிர் வீட்டு ஜன்னலில் இருந்த கைக்குழந்தை வேறு அவரைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தது. அதோடு விட்டுவிட்டார்.

விட்டதற்கு அவரிடம் ஒரு தொழில்முறைக் காரணமும் இருந்தது. சூடாகிப்போன ஒயரை யாராவது பிடித்து ஆட்டுவார்களா? மெயினை அணைத்துவிட்டு ஆறவிடுவார்கள். தோளும் ஒரு ஒயர்தான். அவர் அணைத்து வைத்திருந்தார். ஐந்து மாதமாக அது ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க தோள் ஒயர் இல்லைங்க. துருப்பிடிச்ச கீல். ஆட்டினாத்தான் திறக்கும்" என்றாள் மனைவி.

"இருபத்தேழு வருஷமா ஒயர் பார்க்கிறது நானா, நீயா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். அன்று மாலை ஆட்டோவில் ஒரு செடியை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

முறம் முறமாக இலை. ஒவ்வொரு இலையிலும் யாரோ கத்தரிக்கோல் பழகியது போலக் கிழிசலும் ஓட்டையும். மழைக்காட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற ஜாதியாம். வீட்டுக்குள் மரம் இல்லாததால் நார் சுற்றிய கம்பைப் பிடித்து ஏறுமாம். இடுப்பளவு உயரமான பிரம்புக் கூடைக்குள் தொட்டியை இறக்கினாள். கூடையின் வாயைத் தேங்காய் நாரால் மூடினாள். நேர் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் வருகிற இடமாக, கூடத்துக் கதவை ஒட்டி நிறுத்தினாள். உச்சி இலை ஃப்யூஸின் தோளுக்கு வந்தது.

"நீங்க தொட்டுடாதீங்க. இதெல்லாம் பொறுமை இருக்கிறவங்க வளர்க்கிறது."

ஃப்யூஸ் போய்விட்டது. தெருத்தெருவாக வெளிச்சம் கொடுத்த கைக்கு ஒரு செடியை வளர்க்கத் தெரியாதா என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். மண்டைக்குள் பல்பு எரிந்தது. பந்தயம் என்றார். பள்ளிக்கூடத்து வேலை ஆரம்பிப்பதற்குள் உச்சி இலையைக் கதவு நிலையின் மேல்கட்டை வரைக்கும் ஏற்றிக் காட்டுவார். ஏற்றிவிட்டால் பயிற்சி என்ற வார்த்தை ஆயுசுக்கும் அவள் வாயில் வரக்கூடாது.

மனைவி மேல்கட்டையை அண்ணாந்து பார்த்தாள். "அது ரொம்ப உயரமாச்சே" என்று இழுத்தாள். அந்த இழுப்பிலேயே பாதி ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அவளும் நிபந்தனை போட்டாள். தண்ணீர் அவள் பொறுப்பு. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும். இரண்டு பேர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். அதனால் கூடைப் பக்கம் அவர் கையே போகக்கூடாது. இலை அவர் பொறுப்பு. தூசி படிந்தால் இலைக்கு மூச்சு முட்டும். ஆகவே காலையிலும் மாலையிலும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், முக்கியமாக உச்சி இலையை. அடியில் இடது கை தாங்க வேண்டும், மேலே வலது கை துடைக்க வேண்டும். தாங்காவிட்டால் காம்பு ஒடியும். கையை மாற்றினால் இலையில் கீறல் விழும். ஸ்டூல் போடவே கூடாது. தடுமாறினால் செடி போய்விடும்.

கையை மாற்றினால் ஏன் கீறல் விழும் என்று ஃப்யூஸ் கேட்கவில்லை. ஜெயிக்கப் போகிறவர்கள் சில்லறைச் சந்தேகம் கேட்பதில்லை.

முதல் சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தார். பிறகு வலியை மறக்கச் செடியோடு பேச ஆரம்பித்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் செடி நாலு விரற்கடை உயர்ந்திருந்தது. சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னொரு நாலு விரற்கடை. இன்னொரு கோடு. ஃப்யூஸ் தன் கையையே ஒரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். என்ன கை.

அவருடைய நடையே மாறிவிட்டது. தெருவில் வாடிய செடி எதைப் பார்த்தாலும் நின்று, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, யோசனை சொன்னார். வீட்டில் மனைவியிடம் குரல் தணிந்தது. நீ மட்டும் இதைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் எனக்குள் இப்படி ஒரு திறமை இருப்பதே தெரிந்திருக்காது என்று சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் சொன்னார். வேலையில்லாத மனிதனுக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்திருந்தது. அந்த நன்றி நிஜமானது. அவளும் அடக்கமாக ஏற்றுக்கொண்டாள்.

மாடி வீட்டுக் கணக்கு வாத்தியாருக்குத்தான் பொறுக்கவில்லை. அதே ஜாதிச் செடி அவரிடம் மூன்று வருடமாக இருந்தது. அது மாதத்துக்கு ஒரு இலை விடும், அதையும் யோசித்து விடும். வாத்தியார் இறங்கி வந்து ஃப்யூஸின் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"உயரம் ஏறிக்கிட்டே போகுது. இலை மட்டும் வந்திறங்கின அன்னிக்கும் ஏழு, இன்னிக்கும் ஏழா? கணக்கு உதைக்குதே."

"உங்க செடி குடும்பஸ்தன் சார், இலை இலையாப் பெத்துக்குது. நம்மது லட்சியவாதி."

வாத்தியார் மேலே போய்த் தன் செடியைத் திட்டியதாக அவர் வீட்டம்மா பிறகு சொன்னார்.

நாலு மாதம் போயிற்று. பள்ளிக் கட்டடத்தில் பூச்சு வேலை முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி இலை மேல்கட்டையைத் தொட்டது. ஃப்யூஸ் வாத்தியாரை நடுவராகக் கூட்டி வந்தார். மனைவியைக் கதவுக்கு எதிரே உட்காரவைத்தார். பென்சிலை எடுத்து, எட்டி, மேல்கட்டையில் கடைசிக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். காண்ட்ராக்டர்.

மறுநாள் கூரை வேலை ஆரம்பம், கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஃப்யூஸின் முகம் வாடிவிட்டது. செடி மயக்கத்தில் அந்தக் கவலையையே மறந்திருந்தார். மேல்கட்டையில் பென்சிலை ஊன்றியபடியே பதில் சொன்னார்.

"இல்லீங்க. கை மேலே போக மாட்டேங்குது. நீங்க வேற ஆளையே பார்த்துக்கோங்க."

மனைவி எழுந்து வந்து போனை வாங்கினாள். "நாளைக்குக் காலையில வந்துடுவார் அண்ணே" என்று சொல்லிப் போனை அணைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கையை இறக்காதீங்க. அப்படியே வச்சுக்கிட்டு, அது எங்க இருக்குன்னு பாருங்க."

ஃப்யூஸ் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே, கதவு நிலையின் உச்சியில், பென்சிலைப் பிடித்தபடி ஒரு வலது கை இருந்தது. யாருடையது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குள் வாத்தியார் கூடையின் வாயிலிருந்த நாரை அள்ளி வெளியே போட்டிருந்தார். உள்ளே டார்ச் அடித்தார். தொட்டி தரையில் இல்லை. எட்டுப் பழைய மர சுவிட்ச் பெட்டிகளின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஃப்யூஸ் வீடு வீடாகக் கழற்றி வந்து கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்தவை.

"ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை, நீங்க குளிக்கப் போனதும் ஒண்ணு வைப்பேன்" என்றாள் மனைவி. "ஆளையே தூக்குறவளுக்குத் தொட்டி என்ன கனமா?"

"அப்போ செடி எவ்வளவுதான் வளர்ந்திருக்கு?"

வாத்தியார் டேப்பை எடுத்து அளந்தார். பார்த்தவர் எண்ணைச் சொல்லவில்லை. மனசு லேசாகி, தன் செடியைப் பார்க்க மாடிக்குப் போனார்.

"நீங்கதாங்க ஜெயிச்சீங்க" என்றாள் மனைவி. "வாக்கு வாக்குதான். அந்த வார்த்தையை இனிமே சொல்ல மாட்டேன். தேவையும் இல்ல."

ஃப்யூஸுக்குக் கோபம் வர வேண்டும். வரும் என்று அவரே கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். வரவில்லை. அந்த வீட்டில் நன்றி என்ற சொல் புழங்கியதில்லை. அன்றும் புழங்கவில்லை. மறுநாள் காலையில் தன் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவளுடைய சாப்பாட்டு டப்பாவை வலது கையால் எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததைத் திரும்ப வாங்கி மேலே வைத்து, இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டு தடவையும் வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் எல்லா ஃபேனும் அவர் மாட்டியது.

அடுத்த வருடம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஃப்யூஸின் இடது தோள் இறுகியது. அன்று மாலை அவரே ஆட்டோ பிடித்துப் போய் இன்னொரு செடி வாங்கி வந்தார்.